இட்லிப் பானையில் ரோலி போலி

ஜன்னல் சீட்ல நீங்களே உக்காருங்க சார். எனக்கு வேண்டாம். ஜன்னலைப் பாத்து உக்காந்தா பக்கத்துல என்ன நடக்குதுன்னு தெரியாது. நீங்களும் துறையூர்தானே? உங்க டிக்கெட்டைப் பாத்தேன், அதான் கேட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. பாக்குறது எனக்குத் தொழில். ஃபேக்டரி கேட்ல செக்கிங்ல இருந்தேன், வேலைல சேந்த நாள்லேருந்து ரிட்டயர் ஆகற வரைக்கும். ஷிப்ட் முடிஞ்சு போற ஒவ்வொருத்தன் டிபன் கேரியரையும் திறந்து பாத்துத்தான் விடுவேன். என்னைக் கண்டா சூப்பர்வைசரே தானா வந்து பையைப் பிரிச்சுக் காட்டுவாரு. பேரு சிதம்பரநாதன். வீடு பொன்மலைப்பட்டி.

என் சம்சாரத்தைக் கூட்டிட்டு வரத்தான் போறேன். அவ அக்கா வீட்ல இருக்கா. பொங்கலுக்கு முன்னாடி கோவிச்சுக்கிட்டுப் போனவ, மாசி பொறந்தும் வரலை. எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்ல சார், நானும் பங்கஜமும்தான். அவ இல்லாம அது வீடாவே இல்ல, வெக்கத்தை விட்டுச் சொல்றேன். ரசம் வெச்சா புளித் தண்ணியா வருது. ராத்திரி படுத்தா அந்தப் பக்கம் யாரும் புரளுற சத்தம் இல்ல. அவ வரணும். ஆனா வர்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு விஷயம் தெரிஞ்சாகணும். அவ்வளவுதான் நான் கேக்குறது.

எல்லாம் ஒரு புட்டிங்கால வந்த வினை. சிரிக்காதீங்க, நான் நெசமாத்தான் சொல்றேன். வெள்ளைக்காரன் பலகாரம். ரோலி போலின்னு பேரு. பேர்லயே போலி இருக்கு பாத்தீங்களா, அப்பவே எனக்குத் தோணிச்சு.

எங்க பக்கத்து வீட்ல ஐரிஸ் மிஸ்னு ஒரு அம்மா இருக்கு. ஆங்கிலோ இந்தியன். கான்வென்ட்ல டீச்சரா இருந்து ஓய்வு பெத்தது. புருஷன் போயி ரொம்ப நாளாச்சு, மகன் ஆஸ்திரேலியால. கவுன் போட்டுக்கிட்டு, கொல்லைல ரோஜாச் செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு, பாக்க நல்ல மாதிரியாத்தான் இருக்கும். நல்ல மாதிரியா இருக்கறவங்ககிட்டத்தான் சார் நான் டிபன் கேரியரை ரெண்டு தடவை திறப்பேன். வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்குக் கேக் குடுத்து அனுப்பும். நாங்க சுத்த சைவம். முட்டை போட்டதைத் தொட மாட்டோம். பங்கஜம் வாங்கி வெச்சு, வேலைக்காரப் பொண்ணுகிட்ட குடுத்துடுவா.

எங்க சுத்தம் எப்படின்னு சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும். ஒரு தடவை ஆபீஸ் நண்பர் வீட்டு விசேஷத்துல ஒரு துண்டு கேக் தின்னுட்டேன். முட்டை இல்லாததுன்னு சொன்னாங்க. மறுநாள் போன் பண்ணி, இல்லப்பா, இருந்துச்சாம்னாங்க. அவ்வளவுதான். ஒரு வாரம் என் தொண்டைல பச்சைத் தண்ணி இறங்கலை. உடம்பு துவண்டு போயி ஆஸ்பத்திரில குளுக்கோஸ் ஏத்துனாங்க. பங்கஜம்தான் ராவும் பகலும் பக்கத்துல உக்காந்து அழுதுக்கிட்டே பாத்துக்கிட்டா. அப்பேர்ப்பட்ட உடம்பு இது.

போன கார்த்திகைல, ஒரு ஞாயித்துக்கிழமை, ஐரிஸ் மிஸ் வந்து கதவைத் தட்டுச்சு. "பங்கஜம், உன் இட்லிப் பானை குடும்மா. இந்த வருஷம் உனக்குன்னே தனியா ஒண்ணு செய்யறேன். முட்டையே கிடையாது. என் பாத்திரம் உனக்கு ஆகாது, அதனால உன் பாத்திரத்துலயே வேக வெக்கலாம்." எங்கிட்டயும் திரும்பி, டீச்சர் பாடம் நடத்துற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்லுச்சு. "மிஸ்டர் சிதம்பரம், ஒளிவு மறைவு வேண்டாம். இந்தப் புட்டிங்ல எங்க ஆளுங்க மாட்டுக் கொழுப்பு போடுவோம். நான் எனக்குச் செய்யறதுல அதைத்தான் போடுவேன், அது என் அலுமினியச் சட்டில வேகும். உங்களுக்குச் செய்யறதுல டால்டா, அது உங்க இட்லிப் பானைல வேகும். ரெண்டும் ஒட்டாது, உரசாது."

நீங்களே சொல்லுங்க சார். கேக்காமலே ஒருத்தர் இவ்வளவு விவரம் சொன்னா என்ன அர்த்தம்? கேட்ல எத்தனை பேரைப் பாத்திருக்கேன். "சார், பையில ஒண்ணுமில்ல, பழைய துணிதான்"னு தானா வந்து சொல்றான் பாருங்க, அவன் பையிலதான் பித்தளை போல்ட்டு இருக்கும். என் கணக்கு ரொம்பச் சுலபம். எதை இது சொல்லுதோ, அதை அப்படியே திருப்பிப் போட்டா உண்மை. இட்லிப் பானைல டால்டான்னு சொல்லுச்சுன்னா, இட்லிப் பானைலதான் மாடு.

பங்கஜத்துகிட்ட சொன்னேன். "ஏங்க, அந்தம்மா நம்மளுக்காக மெனக்கெட்டுச் செய்யுது, வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க"ன்னுட்டா. போயிட்டா. ஒரு வாரத்தோட நின்னுச்சா? இல்ல. ருசி பிடிச்சுப் போச்சாம், கத்துக்கணுமாம். ஞாயித்துக்கிழமை ஆனா சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவுத்துட்டு, இட்லிப் பானையைத் தூக்கிக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கிளம்பிடுவா. சுவத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்திருந்தா ரெண்டு பேரும் சிரிக்கிறது கேக்கும். அவ சிரிச்சு நான் அவ்வளவு கேட்டதில்ல சார். எங்க வீட்ல சிரிக்க என்ன இருக்குன்னு கேட்டீங்கன்னா, அதுவும் சரிதான். ஆனா அங்க மட்டும் என்ன இருக்கு?

நான் சுவத்து மேல எட்டிப் பாத்தேன்னு சொன்னா தப்பா நெனைப்பீங்க. எங்க கொல்லைல முருங்கை மரம். காய் பறிக்கணும்னா ஸ்டூல் போட்டு ஏறித்தான் ஆகணும். அப்போ மரத்துல காய் இல்ல, அது வேற விஷயம்.

செய்முறை பூரா பாத்தேன். மைதா, உப்பு, சோடா மாதிரி ஏதோ பவுடர். அப்புறம் அந்தக் கொழுப்பு, ஃபிரிட்ஜ்ல வெச்சுக் கட்டியாக்கினது. கேரட் துருவுற கட்டைல துருவி மாவுல போட்டு விரல் நுனியாலயே புரட்டுறாங்க. அழுத்திப் பிசையக் கூடாதாம், கைச்சூட்டுக்கு உருகிடுமாம். பச்சைத் தண்ணி தெளிச்சு ஒண்ணு சேத்து, நீளமா தேச்சு, மேல சிவப்பா ஜாம். ஓரத்துல ரெண்டு விரல் இடம் விட்டுத் தடவி, பாயைச் சுருட்டுற மாதிரி சுருட்டி, ஓரத்தைத் தண்ணி தொட்டு ஒட்டுறாங்க. அதுக்கு மேல வெண்ணெய் தடவின காகிதம். அதுக்கும் மேல வெள்ளைத் துணி. உள்ள உப்பி வர்றதுக்கு இடம் விட்டுத் தொளதொளன்னு சுத்தி, ரெண்டு முனையிலயும் நூல் கட்டு. ரெண்டு மணி நேரம் ஆவில வேகணும். தண்ணி வத்த விடாம கொதி தண்ணியே ஊத்திக்கிட்டு இருக்கணும்.

இவ்வளவு மடிச்சு, சுருட்டி, மூடி, கட்டிச் செய்யற பலகாரத்தை நான் பாத்ததே இல்ல. இட்லியைப் பாருங்க. மூடியைத் திறந்தா முகம் தெரியும். இது உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியக் கூடாதுன்னே செய்யறது. கேட்ல ஒருத்தன் இடுப்பைச் சுத்திச் செப்புக் கம்பியைச் சுருட்டி, மேல வேட்டி கட்டிக்கிட்டு வந்தான். அந்த ஞாபகம்தான் வந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு. துருவின டால்டாவும் வெள்ளை, துருவின கொழுப்பும் வெள்ளை. தூரத்துலேருந்து பாத்தா எது எதுன்னு பிரம்மாவுக்கும் தெரியாது.

பங்கஜம் வீட்டுக்கு ஒரு தட்டுல எடுத்துட்டு வருவா. "ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க, நம்ம போளி மாதிரிதான், நானே செஞ்சது"ன்னு நீட்டுவா. நான் தொட மாட்டேன். அவ கையை மோந்து பாப்பேன். அவ தட்டை மூடி வெச்சுட்டுப் போயிடுவா.

கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயித்துக்கிழமைதான் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். எத்தனை நாள் மண்டையை உடைச்சுக்கிறது? சாமானைத் திறந்து பாத்துட வேண்டியதுதான். ஸ்டூல் மேல நின்னு பாத்தேன். பின்கட்டு மேடைல ரெண்டு புட்டிங்கும் வெந்து இறக்கி வெச்சிருக்கு. இட்லிப் பானைக்குப் பக்கத்துல ஒண்ணு, அலுமினியச் சட்டிக்குப் பக்கத்துல ஒண்ணு. அந்த நேரம் பாத்து முன்வாசல்ல யாரோ சர்ச்லேருந்து பாட்டுப் பாடிக்கிட்டு வந்தாங்க. ரெண்டு பேரும் வாசலுக்குப் போயிட்டாங்க. நான் பேனாக்கத்தியோட சுவரேறிக் குதிச்சேன். இந்த வயசுல, ஆமா. முட்டிக்கால் இன்னும் வலிக்குது.

முதல்ல அலுமினியச் சட்டிப் பக்கம் இருந்ததைப் பிரிச்சேன். என் கணக்குப்படி அதுதானே டால்டா? பயமில்ல. ஒரு துண்டு வெட்டி வாயில வெச்சேன். சார், என்னத்தைச் சொல்ல. வெச்சதும் தெரியலை, கரைஞ்சதும் தெரியலை. மெத்துன்னு, ஜாம் சூடா இறங்கி, அப்படி ஒரு வாசனை. நாக்குல பிசுக்கே இல்ல. சுத்தமோ சுத்தம். என் நாக்கு சாதாரண நாக்கு இல்ல சார், பிஸ்கெட்ல முட்டை இருந்தா வாயில வெச்ச உடனே துப்பிடுவேன். இதுல ஒரு பொட்டுக் கவுச்சி இருந்தாலும் காட்டிக் குடுத்திருக்கும். உறுதிப்படுத்திக்கணும்ல, அதனால இன்னொரு துண்டும் வெட்டினேன். அது கொஞ்சம் பெருசாவே வந்துடுச்சு.

அப்புறம் இட்லிப் பானைப் பக்கம் இருந்தது. அதுல நுனியைக் கிள்ளி நாக்குல வெச்சேன். கொஞ்சம் கெட்டி. அண்ணத்துல ஏதோ ஒட்டிக்கிட்ட மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான், தெரிஞ்சு போச்சு. அங்கேயே துப்பி, குழாயைத் திறந்து வாயைக் கொப்பளிச்சுட்டு, நூலைப் பழையபடி கட்டி வெச்சுட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து குளிச்சேன்.

ஏன் சார் இருமுறீங்க? தண்ணி வேணுமா? என் பாட்டில்லேருந்தே குடிங்க, மூடி சீல் பிரிக்காதது.

சரி, கேளுங்க. இதுக்கப்புறம்தான் விஷயம். சாயங்காலம் பங்கஜம் வந்தா. வந்தவ கொடில காஞ்சுக்கிட்டிருந்த என் பனியனைப் பாத்தா. குளிக்கும்போது அலசிப் போட்டதுதான், ஆனா நெஞ்சுல ஜாம் கறை போகலை. பாத்தா, பாத்துக்கிட்டே நின்னா. அப்போ சுவத்துக்கு அந்தப் பக்கம் ஐரிஸ் மிஸ் குரல். "பங்கஜம், என் புட்டிங்ல யாரோ ரெண்டு துண்டு வெட்டியிருக்காங்கம்மா. என்னோடதுல." பங்கஜம் முகத்துல ரத்தமே இல்ல. "பூனையா இருக்கும் மிஸ்"னா. "பூனை திரும்ப நூல் கட்டிட்டா போகும்?"னு கேட்டுக்கிட்டே அந்தம்மா சுவத்து மேல எட்டிப் பாத்துச்சு. பனியனைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு. நெத்தில, நெஞ்சுல சிலுவை போட்டுக்கிட்டு உள்ள போயிடுச்சு. பங்கஜம் பனியனை உருவிக்கிட்டுப் போயி சோப்புப் போட்டுத் தேய் தேய்னு தேய்ச்சா.

எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "நீங்க அந்தப் பக்கம் போனீங்களா?" நான் ஏன் ஒத்துக்கணும்? சாட்சியை முதல்லயே காட்டினா எதிராளி உஷாராயிடுவான். போகவே இல்லைன்னேன். அவ தலையை ஆட்டிட்டு அடுப்பங்கரைக்குப் போயிட்டா. உள்ள அழுத மாதிரி இருந்துச்சு.

மறுநாள்லேருந்து ஒரு மாதிரி ஆயிட்டா சார். விடியறதுக்கு முன்னாடி கோயில். திங்கக்கிழமை விரதம், வெள்ளிக்கிழமை விரதம், தரைலதான் படுக்கை. குருக்கள்கிட்ட சொல்லிப் பஞ்சகவ்யம் வாங்கிட்டு வந்து எனக்குக் குடுத்தா. பாலும் தயிரும் நெய்யும் கோமியமும் சாணமும், எல்லாம் பசு குடுத்தது. தீட்டுக் கழிக்கறதுக்குக் குடிக்கறது. எதுக்குடின்னேன். "மார்கழி மாசம், உடம்புக்கு நல்லது, குடிங்க"ன்னா. நீ குடிக்கலையான்னேன். "எனக்கு வேண்டாம்"னுட்டா. கவனிச்சீங்களா? எனக்கு மட்டும் குடுக்கறா, அவ தொட மாட்டேங்கறா. தப்புப் பண்ணாதவளுக்கு எதுக்கு விரதம்? எதுக்குத் தரைல படுக்கை? பக்கத்து வீட்டுக்குப் போறதையும் அடியோட நிறுத்திட்டா. ஐரிஸ் மிஸ் எதிர்ல வந்தா ரெண்டு பேரும் தரையைப் பாத்துக்கிட்டுப் போறாங்க. ரெண்டு திருடங்க சேந்து ஒண்ணைத் தூக்கிட்டு, கேட்டைத் தாண்டும்போது ஒருத்தரை ஒருத்தர் தெரியாத மாதிரி நடப்பானுங்க சார். அதேதான்.

போகிக்கு மொத நாள் கேட்டுட்டேன். சாமி அலமாரி முன்னாடி தட்டுல கற்பூரம் ஏத்தி வெச்சேன். "அடிச்சு சத்தியம் பண்ணு"ன்னேன். எரியற கற்பூரத்தைக் கையால அடிச்சு அணைச்சுச் சொல்லிட்டா, அதுக்கு மேல எங்க குடும்பத்துல கேள்வியே கிடையாது. பொய்ச் சத்தியம் அடிச்சா குலமே விளங்காதுன்னு அவளுக்கும் தெரியும். அவ யோசிக்கவே இல்ல, சார். கையைத் தூக்கிட்டா. "நான் மாட்டுக் கொழுப்பைத் தின்னதில்லன்னு அடிக்கிறேன், போதுமா?"ன்னா.

நான் முட்டாளா? அதுல ஒரு ஓட்டை இருக்குல்ல? தின்னதில்லம்பா, ஆனா எனக்குச் சோத்துல கலந்து குடுத்திருப்பா. பானையில ஒட்டினது என் இட்லில சேந்திருக்கும். அதனால ஓட்டை இல்லாம கேட்டேன். "அப்படி இல்ல. இந்த வீட்டு ஆளுங்க யாரு வயித்துலயும் அது போகலைன்னு அடி"ன்னேன்.

தூக்கின கை அப்படியே நின்னுடுச்சு சார். என்னைப் பாத்தா. கண்ணு ரெண்டும் ரொம்பிடுச்சு. "என்னை மட்டும் கேளுங்க, அடிக்கிறேன். வீட்டைக் கேக்காதீங்க"ன்னா. ஏன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டா. ஏன்டின்னேன். முந்தானையால கண்ணைத் தொடச்சுக்கிட்டா. பிடிபட்டுட்டா, பாத்தீங்களா.

ஆனாலும் ஒரு வழி விடலாம்னு நெனச்சேன். பயந்துக்கிட்டு நிக்கறாளே, நான் அடிச்சா அவளுக்கும் தைரியம் வரும்னு. "சரி, நானே முதல்ல அடிக்கிறேன் பாரு. இந்த வயித்துல மாட்டுக் கொழுப்புப் போனதில்ல"ன்னு கையை ஓங்கினேன். அதுக்குள்ள அவ பாஞ்சு வந்து எரியற கற்பூரத்து மேல அவ உள்ளங்கையை வெச்சு அமுக்கிட்டா. அடிக்கலை, அமுக்கிட்டா. புகை வருது, எடுக்கவே மாட்டேங்கறா. நான்தான் கையைப் பிடிச்சு இழுத்தேன். உள்ளங்கை நடுவுல வெந்து தோல் சுருண்டு போச்சு. வலிக்குதுன்னுகூடச் சொல்லலை. "நீங்க மட்டும் அடிக்கக் கூடாது. உங்களை அடிக்க விட மாட்டேன்"னா. அதையே திரும்பத் திரும்பச் சொன்னா.

என்ன சார் அர்த்தம் அதுக்கு? சத்தியத்தைக் கண்டு ஒருத்தி இப்படி நடுங்கினா என்ன அர்த்தம்? சத்தியம் பண்ண முடியாதவளுக்கு இந்த வீட்ல இடமில்லன்னுட்டேன். கோவத்துல சொன்னது. விடிஞ்சதும் கைல துணியைச் சுத்திக்கிட்டு, பொட்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. போகும்போது, "வேளைக்குச் சாப்பிடுங்க, மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல"ன்னுட்டுப் போனா. என் மேல தப்பு இல்லன்னு எனக்குத் தெரியாதா?

நடுவுல ஒரு நாள் ஐரிஸ் மிஸ் வந்துச்சு. "மிஸ்டர் சிதம்பரம், பங்கஜம் எங்கிட்ட வாக்கு வாங்கிட்டுப் போயிருக்கா, நான் எதையும் சொல்ல முடியாது. ஆனா நீ கொஞ்சம் யோசிச்சுப் பாரு மேன். எந்தச் சட்டிப் பக்கம் இருந்ததை வெட்டுனேன்னு யோசிச்சுப் பாரு"ன்னு சொல்லி அழுதுச்சு. நான் எதையும் வெட்டலையேன்னு கதவைச் சாத்திட்டேன். என்கிட்டயே வாயைப் பிடுங்கப் பாக்குது.

அந்தா, துறையூர் ஏரி தெரியுது. என்ன சார், முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? என் கையை எதுக்குப் பிடிக்கறீங்க? சத்தியமெல்லாம் வேண்டாம், பேசாம கூட்டிட்டுப் போங்கங்கறீங்களா? அதெப்படி சார் முடியும்? நீங்களும் அவளை மாதிரியே பாக்குறீங்க. யாரு சொல்லி இந்த பஸ்ல ஏறினீங்க? சரி சரி, கோவிச்சுக்காதீங்க. எனக்கு எல்லாரையும் அப்படிக் கேட்டே பழகிடுச்சு.

அவ அக்கா வீட்டுத் தெருமுனைல மாரியம்மன் கோயில் இருக்கு. அவளை அங்க வரச் சொல்லியிருக்கேன். அவ மேல எனக்குப் பிரியம் சார், அவ வந்தாப் போதும். அவ சத்தியம் பண்ணணும்னுகூட இப்ப நான் கேக்கப் போறதில்ல. அம்மன் முன்னாடி நானே அடிச்சுடறேன், என் சத்தியத்தை அவ கண்ணால பாக்கட்டும், அவ மனசு இளகும். போன தடவை கற்பூரத் தட்டு ரொம்பப் பக்கத்துல இருந்துச்சு. இந்தத் தடவை அவ கை எட்டாத தூரத்துல நின்னு ஏத்தப் போறேன்.